வேல்விழி டீச்சர் கடற்கரைப் பள்ளிக்கு வந்த காரணம்

சேலைக் கடையில் வேல்விழி டீச்சர் ஆறு நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்ததில்லை. ஐம்பது சேலையை விரித்துப் போட்டாலும் அடியில் கிடக்கும் ஒன்றை இழுத்து, "இது" என்பார். எடுத்ததை மாற்ற மறுநாள் கடைக்குப் போனதில்லை. வகுப்பிலும் அப்படித்தான். இரண்டு விடைத்தாளில் ஒரே தப்பு ஒரே இடத்தில் இருந்தால் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று சொல்லிவிடுவார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பத்தொன்பது வருடமாகத் திருத்திய விடைத்தாள்கள் எங்கேயோ உட்கார்ந்து அந்தப் பதிலைச் சொல்கின்றன என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

அதே வேல்விழி டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுக்க நாற்பத்திரண்டு நாளும் ஒரு நீள நோட்டும் செலவழித்தார். கடைசியில் நடைக்கூடத்தில் நின்றுகொண்டு ஒரே வாக்கியத்தில், முதலில் நின்ற பள்ளியை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதில் அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அவர் ஏரல் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தூத்துக்குடியில் படித்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். கணவர் ஜெயகணேஷ் துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டு கிரேன் ஓட்டுகிறார். மகள் ஐஸ்வர்யா பிளஸ் டூ. வீடு தூத்துக்குடியில். ஆனால் எட்டு வருடமாக வேலை மாவட்டத்தின் வடகோடியில், கரிசல் காட்டு ஊர் ஒன்றில். காலையில் இரண்டு பஸ், ஒரு மணி ஐம்பது நிமிடம். சாயந்திரம் அதே இரண்டு பஸ், சில நாள் இரண்டரை மணி நேரம். போன தை மாதம் கரும்பலகையில் கீழ்வரியை எழுதக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கி நரம்பைத் தொடுகிறது என்றார்.

"பஸ்ஸை விடுங்க டீச்சர். இல்ல, வேலையை விடுங்க. ரெண்டையும் வச்சுக்கிட்டு என்கிட்ட வராதீங்க."

வேலையை விட முடியாது. ஆகவே பஸ்ஸை விட வேண்டும். மாறுதல் கலந்தாய்வு வந்தபோது மூப்பு வரிசையில் அவருக்குப் பதினேழாம் எண். காலியிடப் பட்டியலில் கணக்குப் பாடத்துக்கு, அவர் எண் வரும்வரை மிஞ்சும் என்று எல்லோரும் சொன்ன இடங்கள் மூன்று. அந்த மூன்றுக்கும் நோட்டில் ஒவ்வொரு பக்கம் ஒதுக்கி டவுன், ஆத்தங்கரை, கடற்கரை என்று தலைப்பு எழுதினார்.

டவுன் பள்ளி வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். ஸ்கூட்டரிலேயே போகலாம். ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள், எழுத்து வேலை அதிகம். ஆத்தங்கரைப் பள்ளி ஏரலுக்குச் சற்று முன்னால். நேர் பஸ்தான், ஆனால் ரோடு மோசம். பாதி ஊர் சொந்தக்காரர்கள். கடற்கரைப் பள்ளிக்கு ஐம்பது நிமிடப் பஸ். பிள்ளைகள் குறைவு, பின்னேரம் நிழல், ஆனால் ஓர் ஆபத்து. பிள்ளைகள் எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தாலும் கணக்கு ஆசிரியர் இடம் ஒன்று உபரி என்று ஆகிவிடும். உபரி ஆனால் கடைசியாக வந்தவரைத்தான் வேறு ஊருக்குத் தூக்குவார்கள். அந்த ஊர் எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

பயண நேரத்துக்கு இருபது மதிப்பெண், ரோட்டுக்குப் பத்து, தலைமை ஆசிரியருக்குப் பத்து, வகுப்பு அளவுக்குப் பத்து என்று பதினொரு கட்டம் போட்டார். கூட்டிப் பார்த்தால் டவுன் எழுபத்தொன்று, ஆத்தங்கரை அறுபத்துநாலு, கடற்கரை ஐம்பத்திரண்டு. விடை கிடைத்துவிட்டது. நோட்டை மூடியிருக்கலாம். அவர் மூடவில்லை. மறுநாள் பயண நேரத்துக்கு இருபது அதிகம் என்று தோன்றிப் பதினைந்தாகக் குறைத்தார். வகுப்பு அளவுக்கு இருபது கொடுத்தார். டவுன் அறுபத்தாறுக்கு இறங்கியது. அப்போதும் முதலிடம்தான். மூன்றாம் நாள் 'எழுத்து வேலை' என்று புதுக் கட்டம் ஒன்று சேர்த்தார்.

ஐஸ்வர்யா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அம்மா, நீ விடையை முதல்ல எழுதிட்டு அதுக்கு கணக்குப் போடுத."

"போளா, படிக்கிற வேலையப் பாரு."

"நாங்க பரீட்சையில இதப் பண்ணினா நீ முட்டை போடுவ."

அது உண்மை என்பது வேல்விழி டீச்சருக்கும் தெரிந்தது. தெரியாதது, எழுதி வைத்துவிட்ட அந்த விடை எது என்பது. டவுன் வேண்டாம் என்று உள்ளே ஏதோ சொன்னது. எது வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஏன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மனம் ஒன்றைத் தள்ளும்போது காட்டும் வேகத்தை அதற்குக் காரணம் கேட்டால் காட்டுவதில்லை.

ஜெயகணேஷுக்கு இந்த நோட்டைக் கண்டாலே ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "ஏளா, இவ்வளவு யோசிச்சா எதையும் இறக்க முடியாது. போன மாசம் ஒரு ஆபிசர் வந்தாரு. கேபின்ல பக்கத்துல நின்னுக்கிட்டு, ஜெயகணேஷ், எப்படி இவ்வளவு நேரா இறக்குதீங்க, ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே செய்யுங்கன்னாரு. இப்ப காத்து இந்தப் பக்கம், இப்ப கயிறு ஆடுது, இப்ப கைய லேசா இழுக்கேன்னு சொல்லிக்கிட்டே இறக்கினேன். பொட்டி மூலையில இடிச்சிட்டு. இருவது வருசத்துல மொத தடவ."

"அதுக்கு?"

"அதுக்கு என்ன, யோசிக்காம இறக்கு."

"நீங்க ஒரு ஷிப்டுக்கு அறுவது பொட்டி இறக்குதீங்க. தப்பா இறக்கினா அப்பமே சத்தம் கேக்கும். எனக்கு எட்டு வருசத்துக்கு ஒரு பொட்டி. இடிச்சிச்சா இல்லையான்னு தெரியவே நாலு வருசம் ஆகும். இதுல எங்க போய்ப் பழக?"

ஜெயகணேஷ் ரசத்தை ஊற்றிக்கொண்டார். எந்தப் புத்தகமும் இதற்கு உருப்படியான பதில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. பழகிய கைக்கு யோசனை இடைஞ்சல் என்பது சரி. பழகாத காரியத்துக்கு வந்த வேகத்தையும் ஞானம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்வதுதான் சரியில்லை.

யோசித்துத் தீராததால் வெள்ளிக்கிழமை அம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்த்தார். வழக்கமாக வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டுக் குழந்தை கையால் ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். வேல்விழி டீச்சர் மஞ்சள் பூவில் மூன்றாவதாக ஒரு பொட்டலமும் கட்டிக்கொண்டு போனார்.

பூசாரி மூன்றையும் பார்த்தார். "என்ன டீச்சர், அம்மனுக்கு அப்ஜெக்டிவ் டைப்பா?"

"மூணு ஸ்கூல் இருக்கு அண்ணாச்சி. ரெண்டு பூவுல எப்படிக் கேக்க?"

"ஆமா இல்லன்னுதான் கேக்கணும். எதுன்னு கேட்டா அம்மன் என்ன சொல்லுவா? அது நம்ம பாடுல்லா."

ஆனாலும் போட்டார். மஞ்சள் வந்தது. மஞ்சள் என்றால் ஆத்தங்கரை. வேல்விழி டீச்சர் கும்பிட்டுவிட்டு வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பவும் போனார். இந்த முறை வெள்ளை. வெள்ளை என்றால் டவுன். "அடுத்த வாரமும் வாரீங்களா?" என்று பூசாரி கேட்டார். அவர் போகவில்லை.

அதற்குப் பதில் மூன்று பள்ளிகளையும் நேரில் பார்த்துவிட்டு வந்தார். டவுன் பள்ளித் தலைமை ஆசிரியை மெட்டில்டா பழைய ஆள். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். மெட்டில்டா வாசல் வரை வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

"வா வேல்விழி. இங்கன வந்தா உனக்கு கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை ஒண்ணும் தர மாட்டேன். முதுகு வலியோட எதுக்கு? நீ கணக்கு மட்டும் எடு, போதும்."

வீட்டுக்கு வந்து நோட்டில் டவுனின் தலைமை ஆசிரியர் கட்டத்தில் இருந்ததை அடித்து மூன்று மதிப்பெண் போட்டு, பக்கத்தில் 'கெடுபிடி' என்று எழுதினார். ஆத்தங்கரைக்கு ஏழு. கடற்கரைப் பள்ளித் தலைமை ஆசிரியர் வளன் சாருக்கு ஆறு. அவர் இனிமையாக ஒன்றும் பேசவில்லை. "இங்க வந்தா நிலைக்கும்னு நான் சொல்ல மாட்டேன் டீச்சர். எண்ணிக்கை ரெண்டு குறைஞ்சாலும் முதல்ல உங்களத்தான் தூக்குவாங்க. யோசிச்சு வாங்க" என்று சொல்லிவிட்டு ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டார்.

கலந்தாய்வு நாள் வந்தது. உள்ளே திரையில் காலியிடங்கள். ஒவ்வொருவராகப் போய் ஊர்ப் பெயரைச் சொன்னதும் அது திரையிலிருந்து அழியும். வெளியே நடைக்கூடத்தில் மற்றவர்கள். எல்லோரும் சொன்னபடியே, பதினைந்து பேர் போன பிறகும் டவுன் நின்றது. எல்லோருக்கும் வேறு வேறு ஊர். வேல்விழி டீச்சருக்கு முன்னால் ஒரே ஒருவர்தான், பதினாறாம் எண் நல்லக்கண்ணு சார்.

அந்த வரிசையில் எழுதப்படாத ஒரு மரியாதை உண்டு. முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவரிடம், முக்கியமாகப் பெண் ஆசிரியர் என்றால், எந்த இடம் வேண்டும் என்று கேட்பார். தனக்கு அது அவ்வளவு முக்கியம் இல்லை என்றால் விட்டுக்கொடுப்பார். பின்னால் நிற்பவரும் இதுதான் வேண்டும் என்று பளிச்சென்று சொல்லிவிடக் கூடாது. "எதுன்னாலும் சரி சார், நீங்க பாத்து எடுங்க" என்று தொடங்க வேண்டும். அவர் மறுபடி கேட்பார். மூன்றாவது முறைதான் உண்மை வெளியே வரும்.

"டீச்சர், எது எடுக்கப் போறீங்க? சொல்லுங்க, நான் அத விட்டுட்டு வேற எடுக்கேன்" என்றார் நல்லக்கண்ணு சார். "எனக்கு டவுனுன்னாலும் சரிதான், ஆத்தங்கரைன்னாலும் சரிதான். பையன் சென்னையில. நான் ஒத்த ஆளு."

"டவுன நீங்க எடுத்துக்கிடுங்க சார். எனக்கு அது வேண்டாம்."

முதல் முறையிலேயே வாய் அதைச் சொல்லிவிட்டது. மரியாதைக்கான சுற்று ஒன்றுகூட இல்லை.

"நெசமாவா டீச்சர்? உங்க வீட்டுக்குப் பக்கமாச்சே."

"பக்கமா இருந்தா என்ன சார்."

அவர் உள்ளே போனார். இரண்டு நிமிடத்தில் திரையில் டவுன் அழிந்தது. கதவு இடுக்கில் வேல்விழி டீச்சர் அதைப் பார்த்தார். நாலு கிலோமீட்டர். ஸ்கூட்டர். சமதளமான ரோடு. முதுகுக்கு அதைவிட நல்ல இடம் மாவட்டத்திலேயே இல்லை. எதற்கு அப்படிச் சொன்னோம்?

அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. பதின்மூன்று வருடத்துக்கு முந்திய ஆசிரியர் அறை. பத்தாம் வகுப்பு முடிவு வந்திருந்தது. வேல்விழி டீச்சர் வகுப்பில் ஒன்பது பேர் கணக்கில் தோற்றுப் போயிருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து மெட்டில்டா சொன்னார்: "வேல்விழிக்கு கணக்கு நல்லா வரும். பிள்ளைங்களுக்குத்தான் வராது." நாலு பேர் சிரித்தார்கள். வேல்விழி டீச்சரும் சிரித்தார். அதோடு அதை மறந்துவிட்டார். மறந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். 'கெடுபிடி' என்று நோட்டில் எழுதியபோதும் அது ஞாபகத்தில் இல்லை. கணினி வேலை தர மாட்டேன் என்று சொன்ன பெண்ணுக்குப் பத்துக்கு மூன்று போட்டபோதும் இல்லை.

உள்மனம் நமக்குத் தெரியாமல் நமக்காகக் கணக்குப் போடுகிறது என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். போடுகிறதுதான். ஆனால் என்ன கணக்கு? முதுகெலும்பு அதன் ஞாபகத்துக்கு வரவே இல்லை. ஒரு சிரிப்பைப் பதின்மூன்று வருடம் அடைகாத்திருக்கிறது.

"பதினேழு. வேல்விழி."

உள்ளே போனார். ஆத்தங்கரை என்று சொல்வதாக முடிவு செய்திருந்தார். நோட்டுப்படி இரண்டாவது அதுதான். கோவிலில் ஒருமுறை வந்ததும் அதுதான். கணினி முன்னால் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுங்க டீச்சர். பின்னால இருவது பேர் நிக்காங்க."

கடற்கரை ஊரின் பெயரைச் சொன்னார்.

"சரியா பாத்துட்டீங்கல்லா? அமுத்திட்டா மாத்த முடியாது."

"அமுத்துங்க."

அது கோபமா, சலிப்பா, மூன்றில் ஒன்றில் மட்டுமாவது தனக்கு எந்தப் பழைய கதையும் இல்லை என்ற நிம்மதியா, வளன் சார் உண்மையைச் சொன்னாரே என்ற எண்ணமா, அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆணையில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஆத்தங்கரையத்தான எடுப்பன்னு நெனச்சேன்" என்றார் ஜெயகணேஷ்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

ஐஸ்வர்யா கேட்டாள்: "அது உன் லிஸ்ட்ல எத்தனாவதும்மா?"

"மூணாவது."

"மூணுல மூணாவதா?"

வேல்விழி டீச்சர் நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்தில் 'காரணங்கள்' என்று எழுதினார். சிறிய வகுப்பு. ஐம்பது நிமிடப் பஸ், பழையதில் பாதிகூட இல்லை. சொந்தக்காரர் தொல்லை இல்லை. இப்படி ஒன்பது வந்தன. ஒன்பதும் உண்மை. திரைக்கு முன்னால் நின்றபோது ஒன்றுகூட மனதில் இல்லை. நோட்டைப் பரணில் போட்டார்.

ஜூலையில் பள்ளி மாறினார். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. முதுகு முன்போல் வலிக்கவில்லை, வலிக்காமலும் இல்லை. ஆனால் அங்கே நிலைப்பதே கேள்வியாகத்தான் இருந்தது. ஆகஸ்ட் முதல் தேதி பிள்ளைகளை எண்ணுவார்கள். இப்போது இருப்பது நூற்று அறுபத்திரண்டு. இடம் தப்ப இன்னும் ஒரு பிள்ளையாவது வேண்டும். உபரிப் பட்டியலில் பெயர் வந்தால் திரும்பவும் வடகோடிக்கே போக நேரலாம். வளன் சாரும் அவரும் சாயந்திரம் வீடு வீடாக ஏறினார்கள்.

முதல் வீட்டில் ஒரு தாய், ஆறாம் வகுப்புக்குப் போகிற பையனை வைத்திருந்தவர், நல்லபடியாகத்தான் பேசினார். "பத்து நாளா யோசிக்கேன் டீச்சர். மெட்ரிக் ஸ்கூல் வேன் வாசலுக்கு வருது. இங்க போட்டா நடந்துரலாம். ஒண்ணும் ஓடல. நீங்க தூத்துக்குடியில இருந்து வாரீங்களாமே? அங்க இல்லாத ஸ்கூலா? இந்த ஸ்கூலுக்கு ஏன் வந்தீங்க?"

ஒன்பது காரணங்களும் பரணிலிருந்து இறங்கி வந்து நாக்கில் நின்றன. வேல்விழி டீச்சருக்குத் தன்மீதே எரிச்சலாக இருந்தது.

"தெரியலம்மா. வந்துட்டேன்."

அந்தத் தாய் சிரித்தார். "வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்காரு. வந்ததும் கேட்டுச் சொல்லுதேன்" என்றார். மூன்றாம் நாள் பையன் வேனில் ஏறியதை வேல்விழி டீச்சர் பஸ்ஸிலிருந்து பார்த்தார்.

"நாலு காரணம் சொன்னா என்ன டீச்சர்?" என்றார் வளன் சார். "நீங்க கணக்கு டீச்சர்தான?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா சார்?"

"பொய்யா? அந்த நாலும் உண்மையா இல்லையா?"

"உண்மைதான். ஆனா அதுக்காக நான் வரல."

"அத யாரு கேட்டா?"

எண்ணுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது விசைப்படகு எஞ்சின் பார்க்கிற தேவபிரசாதம் வீட்டுக்குப் போனார்கள். மகள் ஆறாம் வகுப்பு. அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டார். "அவ்வளவு தூரத்துல இருந்து இங்க எதுக்கு டீச்சர் வந்தீங்க?"

வேல்விழி டீச்சர் மூச்சை இழுத்துக்கொண்டார். "நாலு காரணம் சார். ஒண்ணு, வகுப்புக்கு இருவத்தஞ்சு பிள்ளைதான், ஒவ்வொண்ணு நோட்டையும் நானே பாக்க முடியும்..." நாலையும் வரிசையாக, விரல் மடக்கிச் சொன்னார். குரல் வகுப்புக் குரல். வளன் சார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவபிரசாதம் தலையாட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு, "சரி, சேத்துக்கிடுங்க" என்றார்.

விண்ணப்பத்தை நீட்டிய வேல்விழி டீச்சரால் சும்மா இருக்க முடியவில்லை. "நான் சொன்ன நாலுல எத வச்சு சார் முடிவு பண்ணுனீங்க?"

"நாலா?" தேவபிரசாதம் யோசித்தார். "நான் நேத்தே உங்ககிட்டத்தான் போடணும்னு இருந்தேன் டீச்சர். ஏன்னு கேக்காதீங்க. ஏதோ சொல்ல வாரீங்களேன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

வளன் சார் இருமினார். அந்தப் பிள்ளையோடு எண்ணிக்கை நூற்று அறுபத்துமூன்று ஆயிற்று, இடம் தப்பியது. தேவபிரசாதம் கையெழுத்துப் போடப் பேனா கேட்டார். வேல்விழி டீச்சர் எடுத்துக் கொடுத்தார்.